ருபாப்புக்கு வெட்டிய குழி

மாமா எதையும் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. காரின் அடியில் எண்ணெய் ஒழுகினாலும், அரசாங்கத்தில் இருந்து புரியாத கடிதம் வந்தாலும், எனக்குக் காதுக்குள் வலித்தாலும் அவரிடம் உடனே ஒரு பதில் இருக்கும். அந்தப் பதில் சரியா பிழையா என்பது அடுத்த கிழமைதான் தெரியவரும். அதற்குள் அவர் வேறொரு விஷயத்தில் கெட்டிக்காரராகியிருப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குத் தெரிந்த அறிவாளிகளில் மாமா முதலாவது, என் வகுப்பு ஆசிரியை இரண்டாவது. அப்பா பட்டியலிலேயே இல்லை, ஏனென்றால் அவர் எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்கிறேன் என்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்டில் அம்மாவின் தம்பியான மாமா. பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குப் பின்னேர ஷிஃப்ட். சனி, ஞாயிறு லீவு. மற்ற நாட்களிலும் காலை நேரம் முழுவதும் அவர் கையில் சும்மா கிடந்தது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்ல அது தாராளமாகப் போதும்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஊரில் அம்மாவின் அப்பா, என் அம்மப்பா, இறந்துபோனார். சண்டையால் இடம்பெயர்ந்து போயிருந்த இடத்தில், யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில், காய்ச்சலில் போனாராம். செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்திரட்டி எல்லாம் முடிந்திருந்தன. துடக்கு என்று தீட்டுக் காக்கவும் நாள் இல்லை, விரதம் இருக்கவும் நாள் இல்லை. செய்வதற்கென்று அம்மாவுக்கு ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை.

அம்மா அழவில்லை. தையல் வேலைக்குப் போவதை நிறுத்தினார். சமைத்தார், துவைத்தார், எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். ஆனால் வாசலைத் தாண்டி ஒரு காலடி வைக்கவில்லை. டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை இதுதான் நிலைமை. குசினி ஜன்னலின் பிளைன்ட்டைக்கூட அவர் உயர்த்தவில்லை. பகலிலும் லைட் போட்டுத்தான் மரக்கறி வெட்டினார். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று அப்பா ஒருநாள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார். அப்பா தனியே போய்க் கேட்டதற்குக் குடும்ப டொக்டர், வெயில் படட்டும், நடக்கட்டும் என்றார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியும் வரலாம் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லை அப்பா மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னபோது நான் மேசைக்கு அடியில் பென்சில் தேடிக்கொண்டிருந்தேன். பென்சில் அகப்பட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை. "எப்பிடியாவது அவளை வெளியில இறக்க வேணும் மச்சான்" என்றார் அப்பா.

"அது சின்ன வேலை" என்றார் மாமா.

அவர் சொன்னால் சரிதான். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார மனுசி தனியாக இருந்தார். ஏப்ரலில் நிலம் இளகியதும் அவர் தன் தோட்டத்தில் ஒரு பழைய செடியைத் தோண்டி, மண்வாரியால் வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வேலிக்கு மேலால் ஒரு துண்டைப் பத்திரிகையில் சுற்றித் தந்தார். உன் அம்மாவை நெடுநாளாகக் காணவில்லையே, இதை அவரிடம் கொடு என்றார். பார்க்க முற்றிப்போன சேப்பங்கிழங்கு போல ஒரு கட்டை. அதன் தலையில் இளஞ்சிவப்பாக இரண்டு மூன்று முளைகள். ருபாப் என்று பெயர் சொன்னார். சிவப்புத் தண்டு புளிக்குமாம். அதைச் சீனி போட்டுக் கிண்டி இனிப்புப் பணியாரம் செய்வார்களாம். எப்படி நடுவது என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிற உத்தியோகம் என்னுடையது. குசினியில் நின்று உரத்த குரலில் மொழிபெயர்த்தேன். நல்ல வெயில் படும் இடமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டடி ஆழத்துக்குக் கொத்தி, நன்றாக உக்கி மண்ணாய்ப்போன எரு கலக்க வேண்டும். இந்தச் செடி பெரிய சாப்பாட்டு ராமன், மண் கொழுப்பாக இருந்தால்தான் வரும். முளை மேலே பார்க்க வேண்டும், அதன்மேல் ஓர் அங்குலத்துக்கு அதிகமாக மண் மூடக் கூடாது. முதல் வருடம் ஒரு தண்டும் முறிக்கக் கூடாது. இலை நஞ்சு, அதை ஒருநாளும் சமைக்கக் கூடாது.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. மாமா தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உதெல்லாம் புத்தகக் கதை பிள்ளை. நான் நடுறன், நீ பார்" என்றார்.

முதல் சனிக்கிழமை இடம் பார்த்தோம். வீட்டின் பின்வளவுத் தோட்டத்துக்குப் போவதற்கு முன் மாமா குசினிக்குள் வந்து பிளைன்ட்டை மேலே இழுத்துக் கட்டினார். "எனக்கு இடைக்கிடை நேரம் பாக்க வேணும் அக்கா. மணிக்கூடு உள்ளுக்கெல்லோ கிடக்கு." அவர் கையில் ஒரு மணிக்கூடு கட்டியிருந்ததை நான் கவனித்தேன். ஓடாத மணிக்கூடாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தெரிவு செய்த இடம் கூரைப் பீலியால் மழைத்தண்ணீர் வழிந்து விழும் மூலை. மதியம் வரை வீட்டின் நிழல் அங்கேதான் விழும். பனி உருகிய தண்ணீர் அங்கே இன்னும் குட்டையாக நின்றது. மாமா அதற்குள் சப்பாத்துக் காலோடு இறங்கி நின்று, இந்தச் சாதிச் செடிக்கு ஈரம் என்றால் உயிர் என்று எனக்கு விளக்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனுசி தலையை ஆட்டி, வெயில் விழும் பக்கத்தைக் கையால் காட்டினார். மாமா மிகவும் மரியாதையாக "தாங்க்யூ, தாங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் குட்டைக்குள்ளேயே கொத்தத் தொடங்கினார். எனக்கு அந்த மனுசியை நினைக்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு வயதாகியும் இந்த விஷயம் தெரியவில்லையே.

உள்ளே பைப் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கையில் கோப்பையோடு ஜன்னலில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிளைன்ட்டை இறக்கிவிட்டார். ஆனால் முழுதாக இறக்கவில்லை, கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. மாமா அதைப் பார்த்தார். சீழ்க்கையடித்துக்கொண்டு தொடர்ந்து கொத்தினார்.

இரண்டாவது சனிக்கிழமை எரு வந்தது. தொழிற்சாலையில் மாமாவோடு வேலை செய்தவரின் உறவுக்காரர் ஒருவர் நகரத்துக்கு வடக்கே குதிரை வளர்த்தாராம். மாமா அப்பாவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய், டிக்கி நிறையக் குதிரைச் சாணி கொண்டுவந்தார். அன்று காலைதான் குதிரை போட்ட சாணி. குழியின் ஓரத்தில் கொட்டும்போது குளிருக்கு ஆவி பறந்தது. அப்பா காருக்குப் பக்கத்தில் நின்று நான்கு கதவுகளையும் திறந்துவிட்டார். அந்த மணம் வைகாசி முடியும்வரை எங்களோடுதான் பயணம் செய்தது.

குசினி ஜன்னல் திறந்தது. நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்ததால் அது இலேசாகத் திறக்கவில்லை, அம்மா இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

"தம்பி, உது பச்சை எரு."

"கனடாக் குளிருக்குப் பச்சைதான் அக்கா திறம். சூடு குடுக்கும்."

"வேர் அவிஞ்சு போம்."

"அது ஊர் மண்ணில. இது வேற மண். உங்களுக்கு உது விளங்காது."

ஜன்னல் படாரென்று பூட்டப்பட்டது. மாமா வென்றுவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் வீட்டுச் செய்தி சொல்லும் முறை எனக்கு வந்தபோது நான் எழுந்து நின்று, குளிர்நாட்டுச் செடிகளுக்குப் புதுச் சாணியைப் போட்டால் கால் சூடாக இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். ஆசிரியை, மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்றார். இந்த நாட்டில் அந்தச் சொல் பாராட்டு அல்ல என்பதை அறிய எனக்குப் பல வருடம் ஆனது.

மூன்றாவது சனிக்கிழமை வேலை முழு வேகத்தில் நடந்தது. மாமா மேலே இருந்த கறுத்த மண்ணை எல்லாம் வாரித் தூர எறிந்தார். அடியில் இருந்து ஒட்டுகிற மஞ்சள் களிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்தார். குழி என் இடுப்பளவுக்குப் போனது. இவ்வளவு உழைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குளிரிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு ருபாப் கட்டையை எடுத்து, முளை கீழே பார்க்கும்படி தலைகீழாகக் குழிக்குள் வைத்தார்.

எனக்கு அந்தத் தாள் நினைவிருந்தது. "மாமா, முளை மேல பாக்க வேணும் எண்டெல்லோ எழுதியிருந்தது."

"கீழ பாத்தாத்தான் வளைஞ்சு நிமிர்ந்து பலமா வரும்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட மெதுவாக ஒரு மண்வாரி களியை எடுத்து அதன்மேல் போட்டார். பிறகு இன்னொன்று.

பின்கதவு திறந்தது. அம்மா படியின் மேல் நின்றார். காலில் அப்பாவின் பனிச் சப்பாத்து, இடமும் வலமும் மாறிப் போட்டிருந்தார். கையில் அகப்பை இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரியை எடுத்தவர் அதைப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா மூன்று படியும் இறங்கிச் சேற்றுக்குள்ளால் நேரே வந்தார். "தள்ளு" என்றார்.

குழியின் ஓரத்தில் முழங்காலில் இருந்து, கையை விட்டுக் கட்டையைத் தோண்டி எடுத்தார். முளைகளில் ஒட்டியிருந்த களியைத் தன் சட்டை விளிம்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒன்றும் முறிந்திருக்கவில்லை. "அப்பா கண்டிருந்தா உன்ர கையை முறிச்சிருப்பார்" என்றார். அம்மப்பா போன செய்தி வந்த பிறகு, இந்த நாலரை மாதத்தில் அப்பா என்ற சொல் அம்மாவின் வாயில் இருந்து வந்தது அன்றுதான். மாமா மண்வாரியைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கும் பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது. அம்மா வளவைச் சுற்றி நடந்து, வெயில் விழும் வேலியோரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலால் தட்டினார். அது உதிர்ந்தது. "இது காணும், இந்த மண் போதும்" என்றார். கறுத்த மேல்மண்ணை ஒரு பக்கம், களியை மறுபக்கம் என்று பிரித்துப் போட வைத்தார். போன இலையுதிர்காலத்தில் மாநகரசபையின் இலை அள்ளும் லொறியைத் தவறவிட்டு, பின்படிக்குக் கீழே மறந்துபோன இலைப் பைகள் ஆறு கிடந்தன. அவற்றை இழுத்து வரச் சொன்னார். மேப்பிள் இலைகள் பாதி உக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போயிருந்தன. அவற்றைக் குழிக்குள் ஓர் அடுக்குப் போட்டு, மண் தூவி, மேலே ஏறி நின்று மிதித்தார். மறுபடி இலை, மறுபடி மண். இதற்குக் குழை தாழ்க்கிறது என்று பெயர் என்றார். ஊரில் புகையிலை வைக்க முதல் பூவரசங் குழையை, இலையும் கொப்புமாக, வண்டிக் கணக்கில் கொண்டுவந்து இப்படித்தான் தாழ்ப்பார்களாம். நானும் ஏறி மிதித்தேன். சப்பாத்து நனைந்து சாக்ஸ் நனைந்தது. அம்மா அதற்கு ஒன்றும் ஏசவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து மனுசி இரண்டு வாளி உக்கிய எரு தூக்கிவந்தார். அம்மா ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. மொழிபெயர்க்க நான் ஆயத்தமாக நின்றேன், என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. குதிரைச் சாணியை மூலையில் குவித்து மூடிவைக்கும்படி அம்மா சொன்னார். "அடுத்த வருஷத்துக்கு உதவும்" என்றார். கட்டையை நட்டு, முளை மறையும் அளவுக்கு மட்டும் மண்ணை அணைத்தார்.

அன்றோடு அம்மா குணமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பள்ளியால் வந்தபோது, சரியான சப்பாத்தோடு, கேத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்ற சொல்லை அப்பா பிறகு சொல்லவில்லை. ஆவணியில் அம்மா மறுபடியும் தையல் வேலைக்குப் போனார். ருபாப் நன்றாக வந்தது. மூன்றாவது வருடத்தில் முதல் தண்டுகளை முறித்தபோது அவர் பணியாரமெல்லாம் செய்யவில்லை, பழப்புளிக்குப் பதிலாக மீன் குழம்புக்குப் போட்டார். அதைப்போல ஒரு மீன் குழம்பு நான் பிறகு சாப்பிடவில்லை.

மாமா கல்யாணம் முடித்து ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போய்ப் பல வருடம் கழித்து, ஒருநாள் அம்மாவோடு ருபாப் தண்டு வெட்டிக்கொண்டிருந்தபோது நான் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவருக்குத் தோட்டம் மட்டும் தெரியாமல் போனதே என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"உன்ர மாமா பன்ரண்டு வயசில இருந்து தோட்டத்தில நிண்டவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பாத்தி கட்டுவான்" என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். தண்ணிக்குள்ள நிண்டு கொத்தேக்கையே தெரியும்."

"பிறகேன் இறங்கிப் போனனீங்கள்?"

அம்மா தண்டின் நாரை உரித்து எறிந்தார். "எவ்வளவு நாளைக்கெண்டு அவன் பிழையாவே கொத்துறது. பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் போச்சு."

மண் தெரிந்த ஒருவருக்கு மண்ணைப் பிழையாகக் கொத்துவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த மூன்றாவது சனிக்கிழமை நடந்ததில் நான் அம்மாவுக்கு ஒருநாளும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அன்றும் சொல்லவில்லை.

அம்மா கடைசி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தபோது மாமாவைக் காணவில்லை. தேடிப் போனேன். வீட்டின் பக்கவாட்டில், குப்பை வாளிகளுக்குப் பின்னால், வெறும் நிலத்தில் குந்தியிருந்தார். சேற்றுக் கையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்ததில் முகமெல்லாம் மண்ணானது. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எல்லாம் தெரிந்த மனிதர், பக்கத்து வீட்டு மனுசி பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழங்கை நடத் தெரியாமல் அவமானப்பட்டுப்போனார். எனக்கு அவர்மேல் அன்பு பெருகியது. அருகில் போய் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ மாமா. உங்களுக்குத் தெரியாட்டி என்ன, அம்மாவுக்குத் தெரியுந்தானே."

"ஓம் பிள்ளை" என்றார்.

அம்மப்பா மாமாவுக்கும் அப்பா என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. யாராவது கேட்டிருந்தால் உறவுமுறையைச் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் எப்படி இருக்கிறது என்று எங்கள் வீட்டில் அம்மாவை எல்லோரும் கேட்டோம், மாமாவை ஒருவரும் கேட்கவில்லை. அம்மப்பா இறந்தது அம்மாவுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த நான், என் சட்டை விளிம்பால் அவர் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த வருடம் சரியாக நடப் பழகிவிடுவீர்கள் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.